மோதிரத்தைச் சுமந்த வாசகர்கள்

2002ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வெலிங்டன் அரங்கில் நியூசிலாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். இடைவேளையில் மைதானத்துக்குள் நடந்து வந்தவர் விளையாட்டு வீரர் இல்லை. கலைந்த தலையும் தாடியுமாக ஓர் இயக்குநர், பீட்டர் ஜாக்சன். அரங்கின் பெரிய திரையில் யாருக்கும் புரியாத சில சொற்கள் எழுத்துக்கூட்டிக் காட்டப்பட்டன. சுமார் 25,000 பேர் அதைப் பார்த்துக் கத்தினார்கள். காலால் தரையை மிதித்தார்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'தி டூ டவர்ஸ்' படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டையைத் தாக்க வரும் ஊருக்-ஹாய் படையின் முழக்கத்தில் நாம் கேட்பது அந்தக் கூட்டத்தின் குரல்தான்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தொப்பி போட்டுக்கிட்டு மேட்ச் பார்க்க வந்த கூட்டம், கதைக்குள் மட்டுமே இருக்கிற ஒரு மொழியில் போர் முழக்கம் போடுகிறது. அதில் நாவலைத் தொடாதவர்கள்கூட நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனாலும் அன்று அவர்கள் அந்தக் கதைக்குத் தங்கள் குரலைக் கொடுத்தார்கள்.

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அந்தக் கிரிக்கெட் அரங்கம் ஒரு விதிவிலக்கு இல்லை என்று புரிந்தது. அந்த நாவல் அச்சுக்குப் போனது, திருட்டுப் பதிப்பிலிருந்து தப்பித்தது, எல்லை தாண்டியது, படமானது என எல்லாவற்றிலும் எழுத்தாளர், பதிப்பாளரோடு மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது. வாசகரின் கை. அது எப்போதும் நல்லதையே செய்தது என்றும் சொல்லிவிட முடியாது.

ஒரு ஷில்லிங் விமர்சகர்

முதல் ரசிகனுக்கு வயது பத்து. 1936இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், தனக்கு வந்த 'தி ஹாபிட்' கையெழுத்துப் பிரதியைத் தன் மகன் ரேனரிடம் கொடுத்தார். குழந்தைகள் நூலுக்குக் குழந்தைதான் நல்ல நீதிபதி என்பது அவர் நம்பிக்கை. கூலி ஒரு ஷில்லிங். பையன் ஒரு பத்தி எழுதினான். எழுத்துப்பிழைகள் இருந்தன. ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு இது பிடிக்கும் என்று, பத்து வயதுக்காரனுக்குரிய பெரிய மனுஷத்தனத்தோடு முடித்தான். 1937 செப்டம்பரில் புத்தகம் வெளிவந்தது.

கதை இங்கே முடியவில்லை. அடுத்த புத்தகம் கேட்டார்கள். டோல்கீன் எழுத உட்கார்ந்தார். அது வளர்ந்து, வருஷக்கணக்கில் இழுத்து, ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. நடுவில் பதிப்பாளரோடு மனஸ்தாபம், வேறு பதிப்பகத்தோடு பேச்சு, அதுவும் முறிவு. 1952இல் பிரதி திரும்பவும் அன்வின் நிறுவனத்துக்கு வந்தபோது அதைக் கையில் வாங்கியவர் அதே ரேனர். இப்போது வளர்ந்து நிறுவனத்தில் வேலை செய்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தார்: ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம். தந்தைக்கு எழுதினார். மகன் இதை ஒரு மேதையின் படைப்பு என்று நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்று பதில் வந்தது.

ஒப்பந்தம் விசித்திரமானது. செலவுத்தொகை திரும்பி வரும்வரை டோல்கீனுக்கு ஒரு காசும் கிடையாது. அதன்பிறகு லாபத்தில் சரிபாதி. யாரும் பெரிய விற்பனையை எதிர்பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிற்பாடு அந்தச் சரிபாதிதான் டோல்கீனைப் பணக்காரராக்கியது.

முதல் தொகுதி 1954 ஜூலையில் வந்தது, இரண்டாவது நவம்பரில். இரண்டாவது தொகுதி, நாயகன் ஃப்ரோடோ எதிரியின் பிடியில் சிக்கிய இடத்தில் நிற்கிறது. மூன்றாவது தொகுதியோ, பின்னிணைப்புகள் முடியாமல் 1955 அக்டோபர் வரை இழுத்தது. ஏறக்குறைய ஒரு வருஷம்! காத்திருந்த வாசகர்கள் பதிப்பகத்துக்குக் கடிதம்மேல் கடிதம் போட்டார்கள். வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்த தலைமுறையிடம் வளர்ந்த நமக்கு இந்த அவஸ்தை புரியாதா என்ன?

திருட்டுப் பதிப்பும் பாசார் மாலாமும்

1965இல் அமெரிக்காவில் ஏஸ் புக்ஸ் என்ற நிறுவனம் மூன்று தொகுதிகளையும் மலிவுப் பதிப்பாக அச்சிட்டது. ஒன்று 75 காசு. டோல்கீனிடம் அனுமதி வாங்கவில்லை, ராயல்டியும் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் அச்சான ஆங்கிலப் புத்தகங்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் இறக்குமதி செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஓட்டையின் வழியாக நாவலின் காப்புரிமை விழுந்துவிட்டது என்பது ஏஸ் நிறுவனத்தின் வாதம்.

டோல்கீனுக்கு வயது 73. வழக்குப் போடுவது சுலபமில்லை. அவர் செய்தது எளிய காரியம். அமெரிக்க வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் எழுதும்போதெல்லாம், அந்தப் பதிப்பு தன் அனுமதி இல்லாமல் வந்தது என்றும் ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நண்பர்களிடம் சொன்னார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், கடைக்காரர்களிடம் சண்டை போட்டார்கள். அதே ஆண்டு பேலண்டைன் நிறுவனம் அனுமதி பெற்ற பதிப்பைக் கொண்டுவந்தது. விலை 95 காசு. உயிரோடிருக்கும் எழுத்தாளரிடம் மரியாதை உள்ளவர்கள் இதை வாங்கவும் என்ற பொருளில் டோல்கீனின் குறிப்பு பின்னட்டையில் இருந்தது. 20 காசு அதிகம் கொடுத்து மாணவர்கள் அதையே வாங்கினார்கள். அடுத்த ஆண்டே ஏஸ் இறங்கி வந்தது. ராயல்டி தருவதாகவும் இனி அச்சிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சண்டை செய்தியானதால்தான் நாவலின் பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதற்குமுன் விலை உயர்ந்த கெட்டி அட்டைப் புத்தகமாக நூலகத்தில் கிடந்தது, இப்போது மாணவர்களின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. திருடன் கதவை உடைத்ததால் ஊருக்கே வழி தெரிந்த மாதிரி. பேலண்டைன்காரர்களும் ஒன்றும் ஒழுங்கில்லை. அவசரத்தில் 'தி ஹாபிட்' அட்டையை வரைந்த ஓவியர் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. அட்டையில் ஒரு சிங்கமும் ஈமு பறவைகளும் நின்றன. என் கதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று டோல்கீன் நொந்துகொண்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் இந்தக் கதைக்குள் திருட்டுக் கதவு வழியாக வந்தவன்தான். எனக்கு ஆறு, ஏழு வயதிருக்கும்போது அப்பா பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கோ என்னவோ 'தி டூ டவர்ஸ்' விசிடி வாங்கி வந்தார். கீழே மலாய் எழுத்துகள். நடுவில் யாரோ எழுந்து போவதுகூடத் திரையில் நிழலாகத் தெரியும். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார். "என்னடா படம் இது, எல்லாரும் நடந்துகிட்டே இருக்காங்க?" என்றார். பிறகு ராட்சச யானைகள் வரும் காட்சியில் கையை நிறுத்திவிட்டு, "யானை மேல வர்றவங்க யாரு? நம்ம ஆளுங்க மாதிரி இருக்காங்க" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரே புத்தகம், பல கொடிகள்

1965இலேயே நியூயார்க்கில் ஒரு மாணவர் டோல்கீன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சுரங்க ரயில் நிலையச் சுவர்களிலும் சட்டை பேட்ஜ்களிலும் 'ஃப்ரோடோ வாழ்கிறான்' என்ற வாசகம் முளைத்தது. 'கேண்டால்ஃப்தான் அதிபர்' என்று இன்னொரு பேட்ஜ். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். அதிகாரத்தின் சின்னமான மோதிரத்தைக் கைப்பற்றிப் பயன்படுத்தாமல், நெருப்பில் போட்டு அழிக்கப் போகிற ஒரு கதை, போரையும் புகைபோக்கிகளையும் வெறுத்த இளைஞர்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. டோல்கீன் ஒரு பழமைவாதக் கத்தோலிக்கர் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

டோல்கீனுக்கு இந்தப் பக்தி தர்மசங்கடமாகத்தான் இருந்தது. நேர வித்தியாசம் தெரியாத அமெரிக்க ரசிகர்கள் நடுராத்திரியில் ஆக்ஸ்ஃபோர்டு வீட்டுக்குப் போன் போட்டார்கள். வீட்டு வாசலில் படம் எடுத்தார்கள். கடைசியில் அவர் தொலைபேசி எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, 1968இல் போர்ன்மத் கடற்கரை ஊருக்குக் குடிபோனார்.

பிரிட்டனில் சங்கம் தொடங்கியது 1969இல். தொடங்கியவர் வேரா சேப்மன், அப்போது அவருக்கு 71 வயது. ரசிகர் என்றால் விடலைகள் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். அந்தச் சங்கத்தின் கௌரவத் தலைவராக டோல்கீன் இருந்தார். 1973இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பதவி வேறு யாருக்கும் போகவில்லை. இன்றும் அவரே நிரந்தரத் தலைவர். அவர் பிறந்த நாளான ஜனவரி 3 அன்று இரவு 9 மணிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் கோப்பையை உயர்த்திப் 'பேராசிரியருக்கு' என்று சொல்லிக் குடிக்கிறார்கள். நம்ம வீட்டில் தாத்தா படத்துக்கு முன்னால் படையல் வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

சோவியத் நாட்டில் கதை வேறு. 'தி ஹாபிட்' 1976இல் ரஷ்ய மொழியில் வந்துவிட்டது. ஓவியர் பெலோம்லின்ஸ்கி, நாயகன் பில்போவை அந்நாட்டின் பிரபல நடிகர் யெவ்கேனி லியோனோவின் முகச்சாயலில் வரைந்தார். பெரிய நாவலுக்குத்தான் பாடு. 1982இல் முரவ்யோவ், கிஸ்த்யாகோவ்ஸ்கி என்ற இருவரின் மொழிபெயர்ப்பில் முதல் தொகுதி மட்டும், அதுவும் சுருக்கப்பட்டு, வெளிவந்தது. அடுத்த தொகுதி வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், எட்டு வருஷம். இரண்டாவது தொகுதி 1990இல்தான் வந்தது, மூன்றாவது 1992இல். அதற்குள் கிஸ்த்யாகோவ்ஸ்கி இறந்துவிட்டார். முரவ்யோவ் தனியாக முடித்தார்.

அந்த இடைவெளியில் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலப் பிரதி கிடைத்தவர்கள் தாங்களே மொழிபெயர்த்தார்கள். தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து, ஒருமுறை அடித்தால் நாலைந்து பிரதி. தடை செய்யப்பட்ட கவிதைகள் எப்படிக் கைமாறினவோ அதே பாதையில் ஃப்ரோடோவும் போனான். முடிவு தெரியாத வாசகர்கள் தாங்களே முடிவை எழுதிக்கொண்டதும் உண்டு. 1990இல் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் அருகே காட்டுக்குள் மரவாள்களோடு கூடி 'ஹாபிட் விளையாட்டு' நடத்தினார்கள். அடுத்த ஆண்டு லெனின்கிராட் தொலைக்காட்சி முதல் தொகுதியை நாடகமாக ஒளிபரப்பியது. கையில் காசில்லாத தயாரிப்பு என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். பிறகு அது எங்கோ அலமாரியில் தூங்கியது. 2021இல் யூடியூபில் ஏற்றப்பட்டபோது சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஜாக்சனின் கோடிக்கணக்கான டாலர் படத்தில் இடமில்லாமல் போன டாம் பாம்படில், அந்த ஏழை நாடகத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்.

இத்தோடு நிறுத்தினால் வாசகர்கள் எல்லாரும் விடுதலை வீரர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். இத்தாலிக்கும் போகவேண்டும். 1977இல் அங்கே நவபாசிசக் கட்சியான இத்தாலிய சமூக இயக்கத்தின் இளைஞர்கள் ஒரு முகாம் நடத்தினார்கள். அதன் பெயர் 'காம்போ ஹாபிட்'. நவீன உலகத்தால் சிதைக்கப்படும் தூய மரபு, அதைக் காக்கும் சின்னஞ்சிறு வீரர் கூட்டம் என்று அவர்கள் இந்நாவலைப் படித்தார்கள். அந்த மரபில் வளர்ந்த ஜியோர்ஜியா மெலோனி இன்று அந்நாட்டின் பிரதமர். டோல்கீன் ரசிகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். 2023இல் ரோம் நகரின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் டோல்கீனுக்குப் பெரிய கண்காட்சி அரசு ஆதரவோடு நடந்தது.

அதே டோல்கீனிடம் 1938இல் ஒரு ஜெர்மன் பதிப்பகம், 'தி ஹாபிட்' மொழிபெயர்ப்புக்காக, நீங்கள் ஆரிய வம்சமா என்று எழுதிக் கேட்டது. அவர் எரிச்சலோடு எழுதிய பதில் கைவசம் இருக்கிறது. ஆரியர் என்றால் இந்தோ-ஈரானியர், என் முன்னோர் யாரும் அந்த மொழிகளைப் பேசியதாகத் தெரியவில்லை என்று மொழியியலாளராகக் குத்திக்காட்டிவிட்டு, யூத முன்னோர் தனக்கு இல்லாததற்கு வருந்துவதாகவும் எழுதினார்.

அமெரிக்கச் சுரங்க ரயில் சுவர், ரஷ்யக் கார்பன் தாள், இத்தாலிய முகாம். மூன்றிலும் ஒரே புத்தகம். ஆழமாக நேசிப்பதும் சரியாகப் படிப்பதும் ஒன்றில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காசா, மரியாதையா

படம் எடுக்கும் பேச்சு டோல்கீன் உயிரோடிருக்கும்போதே தொடங்கிவிட்டது. 1950களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு திரைக்கதைச் சுருக்கம் வந்தது. அவர் பொறுமையாகப் படித்துப் பக்கம் பக்கமாகக் குறை எழுதினார். நடந்து போகவேண்டிய இடத்துக்கெல்லாம் கழுகில் பறக்கவிட்டிருந்தார்கள் என்பது குறைகளில் ஒன்று. அவரும் பதிப்பாளரும் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். ஒன்று, நிறையக் காசு கொடு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இல்லாவிட்டால், மாற்றங்களைத் தடுக்கும் உரிமையை எங்களுக்குக் கொடு. 1969இல் காசு ஜெயித்தது. உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது, பிறகு 1976இல் தயாரிப்பாளர் சால் ஸேன்ட்ஸிடம்.

1978இல் ரால்ஃப் பாக்‌ஷியின் அனிமேஷன் படம் வந்தது. கதையின் பாதியிலேயே நின்றுவிட்டது, மீதி வரவே இல்லை. ரசிகர்கள் திட்டினார்கள். ஆனால் நியூசிலாந்தில் அதைப் பார்த்த ஒரு பையன் நாவலை வாங்கி நீண்ட ரயில் பயணத்தில் படித்தான். அவன்தான் பீட்டர் ஜாக்சன். 1981இல் பிபிசி வானொலி 26 பகுதிகளாக நாடகம் ஒலிபரப்பியது. அதில் ஃப்ரோடோவாகக் குரல் கொடுத்த இயன் ஹோம், இருபது வருஷம் கழித்து ஜாக்சன் படத்தில் வயதான பில்போவாக வந்தார். சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, ஆண்டுக்கு ஒருமுறை நாவலைத் திரும்பப் படிப்பவர், டோல்கீனை நேரில் சந்தித்தவர். நாவலுக்குப் பல வருஷமாக ஓவியம் வரைந்து வந்த ஆலன் லீயும் ஜான் ஹோவும் படத்தின் வடிவமைப்பாளர்கள். அதாவது, படத்தை எடுத்த கூட்டத்திலேயே ரசிகர்கள்தான் நிறைந்திருந்தார்கள்.

பொறியாளன் என்ற முறையில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. படையினரின் சங்கிலிக் கவசத்துக்கு இரும்பு கனமாக இருக்கும் என்று, பிளாஸ்டிக் குழாய்களை வளையம் வளையமாக அறுத்து, கையால் ஒன்றோடொன்று கோத்து, உலோகப் பூச்சு பூசினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வளையங்கள். திரையில் அது சில நொடிதான் பளபளக்கும். சம்பளத்துக்கு மட்டும் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

வெளியில் இருந்த ரசிகர்களும் சும்மா விடவில்லை. 1998இலேயே ஜாக்சன் இணையத்தில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நாவலில் பெரும்பாலும் பின்னணியில் இருக்கும் ஆர்வெனை ஹெல்ம்ஸ் டீப் போரில் வாளோடு சண்டை போட வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி கசிந்தபோது பெரும் ரகளை. அந்தக் காட்சிகள் படமாக்கப்பட்டிருந்தும் கடைசியில் படத்தில் இடம்பெறவில்லை. இன்னொரு பக்கம், முதல் படத்தில் எல்ரோண்டின் சபையில் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று நொடி வந்துபோன ஓர் எல்ஃப்மேல் ரசிகைகளின் கண் பட்டது. அவருக்கு 'ஃபிக்விட்' என்று பெயர் வைத்தார்கள். ஃப்ரோடோ அருமை, ஆமா அது யாரு என்ற ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர். நடித்தவர் பிரெட் மெக்கன்ஸி. மூன்றாவது படத்தில் ஜாக்சன் அவரைத் திரும்பக் கூப்பிட்டு வசனமும் கொடுத்தார். முதல் படத்தின் நீட்டிக்கப்பட்ட டிவிடியில் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் பல நிமிடங்களுக்கு ஓடுகின்றன. 2004இல் மூன்றாவது படம் போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் ஆஸ்கர் வென்றபோது, உலகம் முழுக்கப் பலர் தாங்களே வென்றதுபோல அழுதார்கள். அதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் உரிமை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒருவர் அந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. கிறிஸ்டோபர் டோல்கீன், ஆசிரியரின் மகன். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த அவருக்கு, தந்தை எழுத எழுத அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பினார். நாவலின் வரைபடங்களை வரைந்தவர் அவர். தந்தை விட்டுச்சென்ற கையெழுத்துக் குவியலைத் தரம்பிரித்துப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தவர். 2012இல் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், படங்கள் புத்தகத்தின் குடலை உருவி இளைஞர்களுக்கான சண்டைப் படமாக ஆக்கிவிட்டன என்று மனம் கசந்து சொன்னார். நான் அந்தப் படங்களால் வளர்ந்தவன். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், ஏஸ் பதிப்புக்கு எதிராகச் சண்டை போட்ட வாசகர்களின் குரலும் இதுதானே? நேசிக்கிற ஒன்றைப் பிறர் கை படும்போது வருகிற வலி. அந்த வலி அவரிடம் உழைப்பாக மாறியது. எல்லாரிடமும் அப்படி மாறுவதில்லை.

யானை மேல் வந்தவர்கள்

2022இல் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் வந்தது. எல்ஃபாகவும் குள்ளர் இளவரசியாகவும் கறுப்பு நிற நடிகர்கள் நடித்தார்கள். திரைக்கதை சுமார் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, நானே சொல்வேன். ஆனால் நிறத்தைச் சொல்லி அந்த நடிகர்களுக்கு வந்த வசைகள் வேறு ரகம். பேராசிரியரின் உலகத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் வந்தவை. அப்போதுதான் அம்மாவின் பழைய கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது.

யானை மேல் வருகிறவர்கள் ஹாராட் என்ற தெற்கு நாட்டினர். நாவலிலும் பழுப்பு நிறத்தவர். இருளரசனின் பக்கம் நின்று போரிடுபவர்கள். இவ்வளவு பெரிய உலகத்தில் நம்மைப் போலத் தோற்றமுள்ளவர்கள் எதிரியின் படையில் மட்டும் வருகிறார்கள் என்பது உண்மை. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் நாவலில் ஓர் இடம் இருக்கிறது. ஃப்ரோடோவின் தோழன் சாம் வாழ்க்கையில் முதன்முதலாக மனிதர்களின் சண்டையைப் பார்க்கிறான். கொல்லப்பட்ட ஒரு ஹாராட் வீரன் அவன் காலடியில் வந்து விழுகிறான். சாம் யோசிக்கிறான்: இவன் பெயர் என்னவாக இருக்கும்? எந்த ஊர்? உண்மையிலேயே கெட்டவனா, இல்லை ஏதோ பொய்யும் மிரட்டலும் இவனை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததா? வீட்டிலேயே நிம்மதியாக இருந்திருக்க மாட்டானா?

சில வரிகள்தான். முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் நின்ற ஒருவர் எழுதிய வரிகள் என்பதை நினைத்துக்கொண்டு படிக்கவேண்டும். நான் பார்த்த விசிடியில் அந்த இடம் இல்லை. திரையரங்கப் பதிப்பிலேயே இல்லை. பல்கலைக்கழகத்தில் நண்பனிடம் வாங்கிய நீட்டிக்கப்பட்ட டிவிடியில்தான் பார்த்தேன். அங்கேயும் அந்த எண்ணம் சாமுக்கு வருவதில்லை. படைத்தலைவன் ஃபாராமிர் அதை வசனமாகப் பேசுகிறான். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இறந்த எதிரியைப் பார்த்து ஒரு தளபதி வருந்துவது வேறு, ஊரைவிட்டு வெளியே வராத ஒரு தோட்டக்காரன், யாரும் சொல்லித்தராமல், அவன் ஊர் எதுவோ என்று யோசிப்பது வேறு.

2022 செப்டம்பரில் அந்த வசைகளுக்கு நடுவே, பழைய படங்களில் ஹாபிட்டுகளாக நடித்த நால்வரும் ஒரே சித்திரம் பதித்த சட்டையோ தொப்பியோ அணிந்து படம் வெளியிட்டார்கள். பல நிறக் காதுகள், கீழே எல்ஃப் எழுத்தில், இங்கே எல்லாரும் வரலாம் என்ற பொருளில் ஒரு வரி. சாமாக நடித்த ஷான் ஆஸ்டினும் அவர்களில் ஒருவர். படம் அவரிடமிருந்து எடுத்துவிட்ட வரியை அவர் வேறு விதமாகத் திரும்பப் பேசியதுபோல எனக்குத் தோன்றியது.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் அந்தப் பகுதியை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். யானை மேல் வந்தவர்கள் யார், சாம் யார், அவன் என்ன வேலை செய்கிறவன், என்ன யோசித்தான் என்று எல்லாம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தோட்டத்து ஆளுக்குத்தான் அது தோணும்" என்றார். பிறகு, "அதை ஏன் படத்துல எடுத்துட்டாங்க?"

இருபது வருஷமாக ரசிகர்கள் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ஒரு பக்கமும் படிக்காமலே அம்மாவும் அந்த வரிசையில் வந்து நின்றுவிட்டார்.